திருப்பி எடுத்த லாட்டு

மேல் ஸ்டோர், போடிமெட்டு வழி
11 மே 2025

அனுசு,

அண்ணன் கன்னையன் எழுதுகிறேன். ஏலக்காய் பறிப்பு தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. காய் உலர்த்துகிற ஸ்டோருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அந்தத் தூசியில் தும்மித் தும்மியே பொழுது போகிறது. மற்றபடி உடம்பு இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம்.

போன் வேண்டாம், எழுதிக்கொள்வோம் என்று நாம் முடிவு செய்தது நல்லதாய்ப் போயிற்று. சிக்னலுக்காகப் பாறை வரை ஏறி நின்று கத்தினால் பாதிப் பேச்சு காற்றில் போகிறது, மீதி சண்டையில் முடிகிறது. எழுதினால், சனிக்கிழமை வெள்ளைத்துரை ஜீப்பில் கொடுத்துவிட்டால் அவன் போடியில் தபாலில் போட்டுவிடுகிறான். கோபம் இருந்தாலும் அதற்குள் ஆறிவிடும்.

இந்த வருஷம் பெண்கள் கால்பந்து லீக்கில் ஆளெடுக்கும் முறையையே மாற்றிவிட்டார்களாமே. ஸ்டோருக்கு வருவது மலையாளப் பேப்பர், அதுவும் இரண்டு நாள் பழசு. எழுத்துக் கூட்டிப் படித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். ஆறு அணிகளும் தங்களுக்கு வேண்டியவர்களிடம் ஜூன் முடிவதற்குள் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும். மீதிப் பேர் ஆகஸ்ட் பதினேழில் டிராஃப்டுக்கு நிற்பார்கள். அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும், மொத்தம் எட்டுச் சுற்று. ஓர் அணி தன் முறையை இன்னோர் அணிக்குக் கொடுத்துவிட்டு அங்கிருந்து ஆளை வாங்கிக்கொள்ளலாம். சரிதானா?

நீ நாலு வருஷமாகக் கோவைச் சிறுவாணி அணியில் தடுப்புக்கு நிற்கிற ஸ்டாப்பர். உன்னை வைத்துக்கொள்வார்களா, டிராஃப்டுக்கு விட்டுவிடுவார்களா? இதைப் போன தடவையும் கேட்டேன், அதற்கு முந்தின தடவையும் கேட்டேன். தரம் பிரிக்கும் மேசையில் இருக்கும் கருத்தம்மா அக்காளும் கேட்கிறது. "அனுசியாவ விட்டாய்ங்கன்னா அவிய்ங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு அர்த்தம்டா" என்கிறது.

அம்மா ராசிங்காபுரத்தில் சௌகரியம். கண் மட்டும் மங்கலாக இருக்கிறதாம்.

உன் அண்ணன்
கன்னையன்


கோயம்புத்தூர்
29 மே 2025

அண்ணனுக்கு,

அனுசியா. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். தும்மலுக்கு மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார். நீ கட்டமாட்டாய், தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில். இன்னும் ஒரு வருஷத்துக்கு இருக்கச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறார்கள். ஜூன் முப்பதுக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். போன வருஷம் போலத்தான், கூடுதலாக ஒன்றுமில்லை.

இங்கே மழை. பயிற்சி இல்லாததால் மைதானத்தில் புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது. வேறென்ன எழுத? அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

அனுசியா


மேல் ஸ்டோர்
8 ஜூன் 2025

அனுசு,

கடிதம் வந்த அன்றைக்கே மேசையில் வைத்துச் சத்தமாக வாசித்தேன். கருத்தம்மா அக்கா அடுப்பைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்து சோற்றைத் தீயவிட்டது. தீய்ந்த சோற்றைத்தான் எல்லாரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். கையெழுத்துப் போடாதே.

போடி ஏலத்துக்கு நான் பதினாலு வருஷமாகக் காய் கொண்டுபோகிறேன். சின்னத் தட்டில் மாதிரி வைத்து, லாட்டு நம்பர் போட்டு, வியாபாரிகள் முன்னால் வைப்பார்கள். முதலில் ஒரு விலை கேட்பார்கள். அது நம் காய்க்கு உள்ள விலை இல்லை. நாம் எவ்வளவு அவசரத்தில் இருக்கிறோம் என்று ஆழம் பார்க்கிற விலை. நம் முதலாளி சாரு என்ன செய்வார்? "ஈ விலைக்கு வேண்டா" என்று மலையாளத்தில் சொல்லி லாட்டைத் திருப்பி எடுத்துவிடுவார். அடுத்த ஏலத்தில் அதே காய், அதே சாக்கு, போன வாரம் கேட்ட ஆளே கூட்டிக் கேட்பான். இதை நான் எத்தனை தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்!

போன வருஷம் போலவே என்றால் என்ன அர்த்தம்? உன் அவசரத்தைப் பார்க்கிறார்கள். திருப்பி எடு. டிராஃப்டில் நில். மதுரை வைகை அணிக்குத் தடுப்பில் ஆளே இல்லை. உன்னைக் கண்டால் விடமாட்டார்கள். மதுரைக்கு வந்துவிட்டால் அம்மாவை நீ வாரம் ஒரு தடவை பார்க்கலாம். உண்மையைச் சொன்னால், தனியாளாக மேலும் கீழும் அலைந்து எனக்கும் அலுத்துவிட்டது.

யோசித்து, அண்ணன் சொன்னபடி செய்.

கன்னையன்


கோயம்புத்தூர்
22 ஜூன் 2025

அண்ணே,

எல்லாரும் சுகமாக இருங்கள். நானும் இருக்கிறேன்.

நீ சொன்னபடியே கையெழுத்துப் போடவில்லை. டிராஃப்டில் நிற்கிறேன்.

அனுசியா


மேல் ஸ்டோர்
20 ஜூலை 2025

அனுசு,

முதல் பறிப்பு வந்துவிட்டது. அடுப்பு பற்றவைத்தாயிற்று. இனி மாசி வரை இந்தப் புகையும் நானும்தான். கண் சிவந்து கிடக்கிறது, பழகிப்போன சிவப்புதான், பயப்படாதே. உன் கடிதம் இரண்டு வரியில் முடிந்துவிட்டதே, சளி கிளி பிடித்திருக்கிறதா?

பேப்பரில் செய்தி மேல் செய்தியாக வருகிறது. கொச்சிக் காயல் அணி தன் முதல் முறையைப் பாண்டிச்சேரிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்த மணிப்பூர்ப் பெண்ணை வாங்கிவிட்டது. அதனால் முதலில் எடுப்பது பாண்டிச்சேரி, அடுத்து மைசூர். இரண்டு பேருமே கோல் போடுகிற ஆளைத்தான் தேடுவார்கள். மூன்றாவது வைகை. அந்த இடத்தில் நீ என்று நான் குறித்து வைத்திருந்தேன்.

ஆனால் நேற்று வந்த பேப்பரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். உன் சிறுவாணி அணி, தன்னிடமிருந்த இரண்டு பேரை வைகைக்குக் கொடுத்து அந்த மூன்றாவது முறையை வாங்கியிருக்கிறதாமே! எதற்கு வாங்குகிறார்கள்? கையெழுத்துப் போடாமல் போன ஸ்டாப்பரைத் திரும்பப் பிடிக்கத்தான். போன வாரம் கேட்ட ஆளே கூட்டிக் கேட்பான் என்று நான் எழுதினேனா இல்லையா?

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் நாங்களே ஒரு டிராஃப்ட் நடத்துகிறோம். ஆளுக்கு ஓர் அணி, ஒவ்வொரு காயும் ஒரு ஆள். கருத்தம்மா அக்காதான் சிறுவாணி. நல்ல பச்சையாக, உருண்டையாக ஒரு காயைப் பொறுக்கி "இது அனுசியா" என்று முந்தானையில் முடிந்துகொள்கிறது. ஆறு நாளாக நடத்துகிறோம், ஆறு நாளும் நீ முதல் சுற்றுதான். மேஸ்திரி வந்து "கூலி வாங்குறது காய் பொறுக்கவா, வெளாடவா?" என்று கத்திவிட்டு, தானும் மைசூருக்கு உட்கார்ந்துவிட்டார்.

பதினேழாம் தேதி எல்லாரும் பாறைக்குப் போய்ப் போனில் கேட்கப்போகிறோம்.

கன்னையன்


கோயம்புத்தூர்
8 ஆகஸ்ட் 2025

அண்ணே,

சளி இல்லை. உன் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிப் போடு.

பதினேழாம் தேதி பாறைக்குப் போகாதே. மழை நாளில் அங்கே வழுக்கும். போனாலும் நீ மட்டும் போ, ஸ்டோர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகாதே. பேப்பரில் வருவதையெல்லாம் நம்பாதே. அணிகள் எதற்காக எதை மாற்றுகின்றன என்று உள்ளே இருக்கிறவர்களுக்கே தெரிவதில்லை. நான் கடைசிச் சுற்றில் வந்தாலும் வரலாம். கருத்தம்மா அக்காளிடம் அதைச் சொல்லி வை.

கொஞ்சம் அசதியாக இருக்கிறது. அவ்வளவுதான்.

அனுசியா


மேல் ஸ்டோர்
19 ஆகஸ்ட் 2025

ஆத்தா அனுசு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

பாறைக்குப் பதினோரு பேர் போனோம். உன் பேச்சை நான் கேட்கவில்லை. தார்ப்பாயை விரித்துப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே ஒரே ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்தோம். மூன்றாவதாகச் சிறுவாணியைக் கூப்பிட்டார்கள். கருத்தம்மா அக்கா எழுந்தேவிட்டது. கண்ணூர்ப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொன்னார்கள். பத்தொன்பது வயசாம், அவளும் ஸ்டாப்பராம்.

"அது ஏமாத்துக்காகச் சொல்றாய்ங்க, ரெண்டாஞ் சுத்துல பாரு" என்றது அக்கா. இரண்டு போயிற்று. நாலு போயிற்று. ஐந்தாவதில் மழை பிடித்தது. ஆறாவது சுற்றில் மேஸ்திரி இறங்கிப் போனார். எட்டாவது சுற்றில் இரண்டு அணிகள் "எங்களுக்கு ஆள் போதும்" என்று எடுக்காமலே விட்டார்கள். எடுக்காமலே விட்டார்கள் அனுசு! இடம் இருந்தும்.

தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினோம். ஸ்டோர் வாசலில்தான் அக்கா கேட்டது: "கொடுத்த தாள்ல கையெழுத்துப் போட வேணாம்னு நீதான சொன்ன?" நான்தான் என்றேன். "காயும் மனுசியும் ஒண்ணாடா?" என்றது.

அதைத்தான் மூன்று நாளாக நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திருப்பி எடுத்த லாட்டுக்கு அடுத்த வாரம் இன்னோர் ஏலம் உண்டு. உனக்கு அடுத்தது அடுத்த வருஷம்தான். இந்தச் சின்ன விஷயம்கூட எனக்குத் தோன்றவில்லையே. கையில் இருந்ததை நான் தட்டிவிட்டேன். உன் ஆட்டத்தை நான் கெடுத்தேன்.

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. திட்டவாவது ஒரு வரி எழுது.

கன்னையன்


மேல் ஸ்டோர்
4 செப்டம்பர் 2025

அனுசு,

இரண்டு சனிக்கிழமை ஜீப்பு வந்தும் உன் கடிதம் இல்லை. "லெட்டரு இல்லண்ணே" என்று சொல்லும்போது வெள்ளைத்துரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. நீ நல்லபடியாக இருப்பது தெரிந்தால் போதும், கோபம் ஆறுகிற போது ஆறட்டும்.

மேசையில் இப்போது விளையாட்டு இல்லை. பேப்பர் வருகிறது, அடுப்புப் பற்றவைக்க உதவுகிறது.

கன்னையன்


கோயம்புத்தூர்
12 செப்டம்பர் 2025

அண்ணே,

இருக்கிறேன். கோபம் ஒன்றும் இல்லை. நீ உன்னைத் திட்டிக்கொள்ளாதே, சாப்பாட்டைக் குறைக்காதே. குறைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

நடந்தது நடந்துவிட்டது. அதைப் பற்றி எழுதவேண்டாம்.

அனுசியா


மேல் ஸ்டோர்
26 செப்டம்பர் 2025

அனுசு,

அண்ணன் நலம். சாப்பாடு பழையபடி இறங்குகிறது. நீ சொன்னதற்காக மூக்கில் துணிகூடக் கட்டுகிறேன், கருத்தம்மா அக்கா பார்த்து "கொள்ளைக்காரன் மாதிரி இருக்க" என்கிறது.

இடையில் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, அம்மாவின் கண்ணுக்காக மதுரை போய்வந்தேன். அதனால்தான் உடனே எழுத முடியவில்லை.

ஸ்டோரில் எல்லாருக்கும் தெரியும், அனுசியாவுக்கு வந்த வாய்ப்பை அவள் அண்ணன்தான் கெடுத்தான் என்று. நானும் கேட்கிறவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன். ஊரில் யாராவது உன்னிடம் கேட்டால் நீயும் அப்படியே சொல்லு. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

குளிருக்குப் போர்வை இருக்கிறதா?

கன்னையன்


கோயம்புத்தூர்
5 அக்டோபர் 2025

அண்ணே,

உன் கடிதத்தை ஒன்பது நாளாகப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன் என்று எழுத நினைத்தேன். வந்து நாலு நாள்தான் ஆகிறது. ஆனால் ஒன்பது நாள் மாதிரி இருக்கிறது. உடம்பை விசாரிப்பதெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இதை முதலில் எழுதாவிட்டால் மறுபடி எழுதமாட்டேன்.

தாள் எதுவும் கொடுக்கவில்லை அண்ணே.

மே மாதம் ஆறாம் தேதியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். வயசு இருபத்தொன்பது ஆகிவிட்டது, சின்னப் பெண்களாகப் பார்க்கிறோம், இத்தனை நாள் ஆடியதற்கு நன்றி என்றார்கள். டீ கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது, மூன்றாவது தடவையாக அதே கேள்வியோடு. கருத்தம்மா அக்கா சொன்னதையும் எழுதியிருந்தாய். "வேண்டாம் என்றுவிட்டார்கள்" என்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. இருக்கச் சொன்னார்கள் என்று எழுதிவிட்டேன்.

ஜூனில் மெதுவாகச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் நீ போடாதே என்று எழுதினாய். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அவர்கள் என்னை வேண்டாம் என்றது போய், நான் அவர்களை வேண்டாம் என்றதாக ஆகிவிட்டது. டிராஃப்டில் யாராவது எடுத்துவிட்டால் பொய் பொய்யாகவே இல்லாமல் போய்விடும் என்று நம்பினேன். எட்டாவது சுற்று வரை நம்பினேன்.

அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கவேண்டும். நீ கெடுத்தேன் கெடுத்தேன் என்று எழுத எழுத, அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். அண்ணனால் போயிற்று என்றால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. எவ்வளவு கேவலம் பார். உன் கடிதத்தில் "எனக்கு வருத்தம் இல்லை" என்று வாசித்தபோது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

நீ எதையும் கெடுக்கவில்லை அண்ணே. கெடுக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இதைக் கருத்தம்மா அக்காளிடமும் வாசித்துக் காட்டு.

விடுதி அறையை இந்த மாதம் இருபதுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது என்று இன்னும் யோசிக்கவில்லை. யோசிக்கத் தெம்பு இல்லை.

அம்மாவிடம் போனில் மதுரைக் கண்ணாஸ்பத்திரி பற்றிக் கேட்டேன். "எந்த ஆஸ்பத்திரி? கன்னையன் என்னைய எங்கயும் கூட்டிட்டுப் போகலையே" என்கிறாள். அவளுக்கு மறதி வந்துவிட்டதா? கவனி.

உன் கண்ணுக்கு மருந்து போட்டாயா?

அனுசியா


மேல் ஸ்டோர்
11 அக்டோபர் 2025

அனுசு,

அம்மாவுக்கு மறதி இல்லை. நான்தான் மதுரைக்குப் போகவில்லை. கோயம்புத்தூருக்கு வந்தேன்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி. ஒரு கிலோ முதல் தரக் காயைப் பொட்டலம் கட்டிக்கொண்டு உன் அணியின் ஆபீசுக்குப் போனேன். தங்கச்சிமேல் தப்பு இல்லை, நான் சொல்லித்தான் கையெழுத்துப் போடவில்லை, தோட்டத்து ஆள், தெரியாமல் செய்துவிட்டேன், மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுக் கேட்பதாக இருந்தேன். பஸ்சில் வரும்போது அதை நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அங்கே ஒரு அம்மா முழுசாகக் கேட்டார்கள். பிறகு மெதுவாக, "அவங்களுக்கு நாங்க மே மாசமே சொல்லிட்டமுங்களே" என்றார்கள். உட்கார நாற்காலி போட்டார்கள். எனக்கும் டீ கொடுத்தார்கள்.

காயை அங்கேயே வைத்துவிட்டு உன் விடுதிக்கு வந்தேன். வாசல் கேட்டுக்கு எதிரே நின்றேன். நீ மாடியிலிருந்து இறங்கினாய். கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல் ஒரு காலை வைத்து, மறு காலை அதே படியில் சேர்த்து வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினாய். கீழே வர அவ்வளவு நேரம் பிடித்தது. உன்னைக் கூப்பிடவில்லை. திரும்பிவிட்டேன். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

மேலே வந்தபோது யோசித்தேன். நீ அவர்களை வேண்டாம் என்று சொன்னவளாகவே இருந்துவிட்டுப் போ. கிறுக்குப் பய அண்ணன் கெடுத்தான் என்று நாலு பேர் பேசினால் எனக்கு என்ன தேய்ந்துவிடும்? அதனால்தான் அப்படி எழுதினேன். அது உன்னை இன்னும் குத்தும் என்று தோன்றவில்லை. ஏலத்தில் கற்றதை வைத்து நான் யோசிக்கிற யோசனை எல்லாம் இப்படித்தான் முடிகிறது.

உன் கடிதத்தைக் கருத்தம்மா அக்காளுக்கு வாசித்துக் காட்டமாட்டேன். அடுப்பில் போட்டுவிட்டேன். என்னைத் திட்டித் திட்டி அக்காளுக்கும் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலை போடிக்கு வந்துவிடு. ராசிங்காபுரத்தில் அம்மாவிடம் பிறகு போகலாம், தீபாவளிக்குச் சேர்ந்தே போவோம். முதலில் மேலே வந்து இரண்டு நாள் நன்றாகத் தூங்கு. அடுத்தது என்ன என்று நான் கேட்கமாட்டேன், சத்தியம்.

வெள்ளைத்துரை முன் சீட்டில் எப்போதும் மூன்று பேரை அடைப்பான். அன்றைக்கு உன்னைத் தவிர யாரையும் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். என் தங்கச்சி காலை நீட்டி உட்கார்ந்து வரட்டும் என்றேன்.

அண்ணன்
கன்னையன்